இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர்

திருவனந்தபுரம் கோட்டைக்குள் அரண்மனைகள் பிழைத்துவிட்டன. அவற்றை ஒட்டியிருக்கும் தெருக்களின் கதை வேறு.

தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்ததும் ஒரு நிமிடம் திரும்பிப் பாருங்கள். ஆட்டோக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள். நீங்கள் வெளியே வந்த கட்டடம் கருங்கல்லால் ஆனது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தலைநகரில் ரயில் நிலையம் என்றால் கோட்டைபோல இருக்க வேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ, 1931ல் திறந்தபோது அப்படித்தான் கட்டி வைத்திருந்தார்கள். எதிரே, பஸ் நிலையத்தை ஒட்டி, சிவப்புச் செங்கல்லில் ஒரு சுருள் நிற்கிறது. அது இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே தரை சமமாக இல்லை. சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. மேசைகளும் அதோடு சேர்ந்து ஏறுகின்றன. சுவர் முழுக்க ஓட்டைகள். அவற்றின் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன, பஸ் ஹாரன் சத்தமும் வருகிறது. கட்டியவர் லாரி பேக்கர்.

கூப்பிடு தூரத்தில் நிற்கும் இந்த இரண்டு கட்டடங்களும் இரண்டு கேள்விகளை எழுப்புகின்றன. கல் யாருக்காக? வீடு யாருக்காக? பதில் தேடிப் போக வேண்டிய இடம் தெற்கே பத்து நிமிட நடையில் இருக்கிறது: கிழக்கே கோட்டை.

பெயர்தான் கோட்டை. இன்று அது நகரப் பேருந்துகளின் கூடாரம். பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைபடும் சத்தம், சாலைக் கடைத்தெருவின் இரைச்சல், இவற்றுக்கு நடுவே பழைய வாசல் ஒன்று பொறுமையாக நிற்கிறது. மார்த்தாண்ட வர்மா (1729-1758) காலத்தில் எழத் தொடங்கிய கோட்டை இது. அவர் 1750ல் தன் ராஜ்யத்தையே ஸ்ரீபத்மநாபனுக்கு எழுதி வைத்துவிட்டு, தான் வெறும் தாசன் என்று அறிவித்துக்கொண்டார். ஆனாலும் தலைநகர் உடனே இங்கே வந்துவிடவில்லை. அது பத்மநாபபுரத்திலேயே இருந்தது. 1795ல் தர்மராஜா எனப்பட்ட கார்த்திகைத் திருநாள் ராம வர்மாதான் அதைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றினார். சுவாமி முதலில் வந்தார், சர்க்கார் பின்னால் வந்தது. அதற்கும் பின்னால் வந்தவர்கள் சமையல்காரர்கள், கணக்கர்கள், வேத பாடம் சொல்கிறவர்கள், வியாபாரிகள். அவர்களில் கணிசமானவர்கள் தமிழர்கள்.

வாசலைத் தாண்டினால் பத்மதீர்த்தக் குளம். குளத்துக்கு அப்பால் ஏழு நிலைக் கோபுரம். மதுரையிலிருந்தோ தென்காசியிலிருந்தோ வந்தவருக்குச் சொந்த ஊர் வந்துவிட்டதுபோல இருக்கும். உள்ளே போனால்தான் இது வேறு மண் என்பது தெரியும். கோபுரம் தமிழ்நாட்டு முறையில் உயர, கருவறைப் பக்கம் கேரள முறையில் சரிந்த கூரையோடு தாழ்ந்து நிற்கிறது. சுற்றி வரும் சீவேலிப்புரையின் கல்தூண்கள் 365ம் கால்வாசியும் என்பது ஊர்க் கணக்கு. கருவறைக்கு முன்னால் இருப்பது ஒற்றைக்கல் மண்டபம். இருபது அடிக்கு இருபது அடி, இரண்டரை அடி கனம், ஒரே கல். சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருமலையில் வெட்டி இங்கே கொண்டுவந்தார்கள். கிரேன் இல்லாத காலம்.

கோயிலை விட்டு வெளியே வந்து அக்கம்பக்கத்துச் சுவர்களைப் பார்த்தால் ஒன்று உறைக்கிறது. அங்கே கருங்கல் காணாமல் போய்விடுகிறது. கருங்கல் தெய்வத்துக்கும் கோட்டைக்கும். மனிதர் வசிக்கும் இடத்துக்கு வெட்டுக்கல்லும் மரமும்.

மண்ணிலிருந்து வெட்டிய கல்

வெட்டுக்கல்லைத் தமிழ்நாட்டில் செம்புரைக்கல் என்றும் செம்பூராங்கல் என்றும் சொல்கிறார்கள். கேரளத்தின் பெரும்பகுதியில் நாலைந்து அடி தோண்டினால் இது கிடைக்கும். தரைக்குள் இருக்கும்வரை கத்தி பட்டால் சீவும் அளவுக்கு மெத்தென்று இருக்கும். வெட்டி எடுத்து வெயிலிலும் காற்றிலும் போட்டுவைத்தால் உள்ளிருக்கும் இரும்புச் சத்து இறுகி, மாதங்கள் போகப் போகக் கெட்டிப்படும். சுடாமல் கிடைக்கும் செங்கல் என்று சொல்லலாம். மலப்புறம் பக்கம் அங்காடிப்புரத்தில் இதைப் பார்த்த பிரான்சிஸ் புக்கனன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், லத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து 1807ல் ‘லேட்டரைட்’ என்று பெயர் வைத்தார். உலகமெங்கும் புவியியல் மாணவர்கள் இன்று படிப்பது அந்தப் பெயரைத்தான். அங்காடிப்புரத்தில் அதற்கு ஒரு நினைவுக்கல்லும் இருக்கிறது. செதுக்கியது வெட்டுக்கல்லில்.

இந்தக் கல்லுக்கு ஒரு பலவீனம் உண்டு. உடம்பு முழுக்கத் துளைகள். ஓயாத மழை நேராக அடித்தால் ஊறும். திருவனந்தபுரத்துக்கு மழை இரண்டு முறை வருகிறது. ஜூனில் தென்மேற்குப் பருவம், அக்டோபரில் வடகிழக்கு. ஆண்டுக்கு 1,700 மில்லிமீட்டருக்கு மேல். எனவே கேரளத்து வீட்டைக் கட்டியவர்கள் சுவரைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் கூரையைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். செங்குத்தாகச் சரியும் கூரை, தலையில் இடிக்கும் அளவுக்குத் தாழ்ந்து இறங்கும் இறவாரம், சுவரில் சாரல் படாமல் சுற்றிலும் தாழ்வாரம். உள்ளே நடுமுற்றம். சூடான காற்று அதன் வழியே மேலே போக, நிழலில் குளிர்ந்த காற்று தாழ்வாரத்திலிருந்து உள்ளே வரும். தலைக்கு மேலே பலகை வேய்ந்த மச்சு. ஓட்டின் சூடு மச்சோடு நின்றுவிடும். பதினாறாம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் மூசது எழுதிய ‘மனுஷ்யாலய சந்திரிகை’ என்ற நூல் மனிதர் வசிக்கும் வீட்டுக்காகவே எழுதப்பட்டது. அளவும் விகிதமும் அதில் கணக்காக இருக்கின்றன. இன்றைக்கும் கேரளத்து ஆசாரிமார் அதன் பெயரைச் சொல்லாமல் வேலையைத் தொடங்குவதில்லை.

ராஜா வீட்டில் இதே இலக்கணம் பட்டுடுத்திக்கொண்டு வரும். கோயிலுக்குத் தென்கிழக்கே இருக்கும் குதிரைமாளிகையைப் பாருங்கள். சுவாதித் திருநாள் கட்டிய புத்தன் மாளிகை இது. மேல்மாடத்தின் இறவாரத்தைத் தாங்க 122 மரக்குதிரைகள் வரிசையாகப் பாய்கின்றன. மாளிகைக்கு வழக்கிலிருக்கும் பெயர் அவற்றால் வந்தது. குதிரைகளை ரசித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அவை செய்யும் வேலை என்ன? சுவரிலிருந்து கூரையை வெளியே தள்ளிப் பிடித்திருக்கின்றன. மழை சுவரில் படக்கூடாது. அவ்வளவுதான். ஏழை வீட்டில் மூங்கில் செய்யும் வேலையை இங்கே தேக்குக் குதிரை செய்கிறது.

தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இருந்த அரசவை சுவாதியுடையது. அவர் 1846ல் முப்பத்து மூன்று வயதில் காலமானார். ஆசையாகக் கட்டிய மாளிகையில் கொஞ்ச காலம்தான் வாழ்ந்தார். நீண்ட நாள் பூட்டிக் கிடந்த பிறகு அது அருங்காட்சியகமாயிற்று. ஒவ்வொரு ஜனவரியிலும் முற்றத்தில் அவருடைய பெயரால் சங்கீத விழா நடக்கிறது. பக்கத்தில் கருவேலப்புர மாளிகையின் மேல் மேத்தன் மணி. மணி அடிக்கும்போது தாடிக்காரப் பொம்மை வாயைத் திறக்க, இரண்டு கடாக்கள் அதன் கன்னத்தில் முட்டும். அதைப் பார்க்கக் கூடும் கூட்டத்தில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறார்கள்.

அரண்மனைகளுக்கு டிக்கெட் இருக்கிறது, காவலாளி இருக்கிறார், கூரையில் ஓடு உடைந்தால் மாற்ற ஆள் வருகிறார். இனி தெருவுக்குள் போகலாம்.

திண்ணை, ரேழி, கூடம்

கோட்டைக்குள்ளும், வெளியே வலியசாலை, கரமனை பக்கமும் அக்ரஹாரத் தெருக்கள் இருக்கின்றன. வலியசாலை சாதாரண இடமல்ல. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி சொல்லும் காந்தளூர்ச்சாலை இதுதான் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. இல்லை, அது வேறெங்கோ என்று மறுப்பவர்களும் உண்டு. கோயிலின் பெயர் காந்தளூர் மகாதேவர் என்பதால் முதல் கட்சிக்குப் பேச வசதி. நீல. பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ படித்தவர்களுக்கு இந்த நகரத்துத் தெருக்கள் ஏற்கெனவே பழக்கம். கடைத்தெருவைப் பார்க்க வேண்டுமென்றால் ஆ. மாதவனின் கதைகள் இருக்கின்றன.

கேரளத்து வீடு தன் தோட்டத்துக்கு நடுவே தனியாக நிற்கும். அக்ரஹாரத்து வீடு அப்படியல்ல. தோளோடு தோள் உரசி வரிசையாக நிற்கும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணறு என்று பத்துப் பதினைந்து அடி அகலத்தில் நீண்டுகொண்டே போகும். கும்பகோணத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் பார்த்த அதே வரைபடம். ஆனால் கல்லும் கூரையும் கேரளத்துடையவை: சுவர் வெட்டுக்கல், மேலே சரிந்த ஓடு, மச்சுக்குப் பலாவும் அயினியும். தமிழ் உடம்புக்கு மலையாளச் சட்டை. தெருவின் ஒரு கோடியில் நின்று பார்த்தால் இருபது வீட்டின் கூரைகள் ஒரே அலையாக ஓடுகின்றன.

அல்லது ஓடிக்கொண்டிருந்தன. இப்போது அலைக்கு நடுவே மொட்டைமாடிகள் முளைத்திருக்கின்றன.

மே மாதக் கடைசி வாரம். அப்படி ஒரு தெருவில், எழுபதைத் தாண்டிய, வங்கியில் ஓய்வு பெற்ற ஒருவர் தன் வீட்டுப் பக்கச் சுவரில் நீலத் தார்ப்பாய் கட்ட ஆள் வைத்திருந்தார். “வாங்கோ, உள்ளே வந்து பாருங்கோ. வெளியே பார்த்தா புரியாது” என்றார். உள்ளே கூடத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு ஈரம் ஏறிக் காய்ந்த கறை, தேசப்படம் போல.

“இந்தச் சுவர் எங்களுது மட்டும் இல்லை. அடுத்தாத்துக்கும் எங்களுக்கும் பொது. எங்க உத்தரத்தோட நுனி இந்தப் பக்கம் உக்காந்திருக்கு, அவாளோடது அந்தப் பக்கம். அந்த வீட்டை வித்தா. வாங்கினவர் இடிச்சார். அவர் பேரில் தப்பு சொல்ல முடியாது, அவர் இடம், அவர் காசு. ஆனா இருநூறு வருஷமா வீட்டுக்குள்ளே இருந்த சுவர் ஒரே நாளில் வெளியே வந்துடுத்து. போன மழை முழுக்க அது நனைஞ்சது.”

சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. வெட்டுக்கல் நடுச்சுவரை மண் சாந்தில் அடுக்கியிருப்பார்கள். அதன் மேல் கூரை இருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டியது அது. பக்கத்து வீடு போனதும் இறவாரம் இல்லாத, தாழ்வாரம் இல்லாத, பூச்சும் சரியாக இல்லாத சுவராகத் தனியே நிற்கிறது. சாய்மானமும் போய்விட்டது. வரிசையில் ஒரு வீட்டை எடுப்பது புத்தக அடுக்கில் நடுவிலிருந்து ஒன்றை உருவுவது போல.

தார்ப்பாய் கட்ட வந்தவர் தச்சு வேலைக்காரர். நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர். ஏணியில் இருந்தபடியே சொன்னார்: “சிமெண்ட் பூசச் சொன்னா சாமி. ஞான் வேண்டாம்னேன். சிமெண்ட் பூசினா வெள்ளம் உள்ளே நின்னு போகும்.” அவர் சொல்வது கட்டடக்கலை நிபுணர்கள் சொல்வதேதான். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். உள்ளே போன ஈரம் வெளியே வரும். சிமெண்ட் வெளியே அடைத்துவிட, ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கிப் பூச்சோடு சேர்த்துக் கல்லின் முகத்தையும் உரித்துக்கொண்டு வரும். அப்படியானால் சுண்ணாம்பு பூசலாமே? “கக்கா நீத்தி, அரைச்சு, புளிக்க வெச்சுப் பூசத் தெரிஞ்ச ஆளு வேணும். என் அச்சனுக்குத் தெரியும். எனக்குக் கண்ட பரிச்சயம் மாத்திரம்” என்றார். சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் காயல் சிப்பியைத்தான் கக்கா என்கிறார்.

ஏன் விற்கிறார்கள் என்று கேட்கத் தேவையில்லை. பிள்ளைகள் பெங்களூரில், துபாயில், நியூ ஜெர்சியில். ஒரு வீட்டுக்கு ஏழு பங்காளிகள். கரையான் தின்ற ஓர் உத்தரத்தை அதே மரத்தில் மாற்றக் கேட்கும் பணத்தில் ஒரு கான்கிரீட் அறையே போட்டுவிடலாம். முதுமையில் மூட்டுவலியோடு உயரமான படிகளையும் கொல்லைப்புறக் கழிவறையையும் யார் சகித்துக்கொள்வார்கள்? கோயில் நிலவறைகள் திறக்கப்பட்ட 2011க்குப் பிறகு கோட்டைப் பகுதியில் காவல் கெடுபிடியும் கூடியது. பழமையை நேசிக்கச் சொல்வது வெளியூரிலிருந்து வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்குச் சுலபம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தத் தெருக்களின் அழகு எல்லோருக்கும் உரியதாக இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் கீழே தள்ளப்பட்ட சாதிகளுக்கு ஓட்டு வீடு கூடாது, மாடி கூடாது. கல்லும் ஓடும் வசதியைப் பொறுத்த விஷயங்களாக இருக்கவில்லை, உரிமையைப் பொறுத்தவையாக இருந்தன. பத்மநாபசுவாமி கோயில் கதவே எல்லா இந்துக்களுக்கும் திறந்தது சித்திரைத் திருநாள் 1936 நவம்பர் 12ல் வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனத்துக்குப் பிறகுதான். பாட்டன் ஓலைக் குடிசையில் வாழ நிர்ப்பந்திக்கப்பட்டிருந்தால், பேரன் கான்கிரீட் மாடியை விரும்புவதில் ஆச்சரியம் இல்லை. அவனுக்கு அது அழகுணர்ச்சிக் குறைவு அல்ல, கணக்குத் தீர்ப்பு.

இரண்டு வெள்ளைக்காரர்கள்

கேரளத்து வீட்டின் அறிவை அதன் சாதியிலிருந்து பிரித்தெடுக்க முடியுமா? இந்த நகரத்தில் அதை இரண்டு வெளியூர்க்காரர்கள், நூறு வருட இடைவெளியில், வெவ்வேறு அளவில் செய்து பார்த்தார்கள்.

முதலாமவர் ராபர்ட் சிஷோம். சென்னைக்காரர்களுக்கு அவரைத் தெரியும். கடற்கரைச் சாலையில் பல்கலைக்கழக செனட் ஹவுஸ் அவருடையது. திருவனந்தபுரத்தில் அவர் வடிவமைத்த நேப்பியர் மியூசியம் 1880ல் முடிந்தது. அதற்குப் பதினொரு வருடம் முன்னால் திறந்த தலைமைச் செயலகத்தைப் பாருங்கள். பொறியாளர் பார்ட்டன் கட்டியது, வரிசைத் தூண்களோடு ஐரோப்பாவை அப்படியே இறக்கிவைத்தது போல இருக்கும். அதன் எதிரே நிற்கும் சிலை, கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரின் திவானான டி. மாதவ ராவ். அவர் நினைவாகத்தான் அந்தச் சந்திப்புக்கே ‘ஸ்டாச்யூ’ என்று பெயர். சிஷோம் அந்த வழியில் போகவில்லை. செங்குத்தான கேரளக் கூரை, மர முகப்பு, காற்று புகுந்து வெளியேறும் மாடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். பல நிறச் செங்கல்லும் கோபுரங்களும் அவருடைய சேர்க்கை. மே மாத மதியத்தில் உள்ளே போய் நில்லுங்கள், கூரை செய்யும் வேலை புரியும். ஆனால் அதுவும் ராஜ்யத்தின் செலவில் எழுந்த மாளிகைதான்.

இரண்டாமவர் பேக்கர். 1917ல் பர்மிங்ஹாமில் பிறந்து, 1945ல் தொழுநோயாளிகளுக்கான சேவைக்கு இந்தியா வந்தவர். மனைவி எலிசபெத் கேரளத்து மருத்துவர். இமயமலையில் பித்தோராகர் பக்கம் பதினாறு வருடம், பிறகு வாகமண், கடைசியில் திருவனந்தபுரம். வீடு கட்டத் தேவையான பொருள் ஐந்து மைலுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியின் யோசனை தன்னைப் பிடித்துக்கொண்டதாகச் சொல்வார். இமயமலையில் ஊர்க்காரர்கள் கட்டிய கல்வீடுகளைப் பார்த்துத்தான் பாடம் கற்றார். இங்கே வந்ததும் கேரளத்து வீட்டைக் கூர்ந்து பார்த்து, அதன் வடிவத்தை விட்டுவிட்டு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டார். மரச் சட்டம் போட்ட ஜன்னல் விலை அதிகமா? செங்கல்லை இடம் விட்டு அடுக்கிச் சுவரையே ஜன்னலாக்கு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து நடுவே வெற்றிடம் விடு. இந்த ‘எலிப்பொறி’க் கட்டில் ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சம், உள்ளே அடைபட்ட காற்று வெயிலையும் தடுக்கும். தளத்தில் கான்கிரீட் வேலை செய்யாத அடிப்பகுதியில் பழைய மங்களூர் ஓட்டைப் பதித்துவிடு; சிமெண்டும் கம்பியும் குறையும். பூச்சு வேண்டாம், செங்கல் செங்கல்லாகவே இருக்கட்டும்.

உள்ளூரில் உள்ள சென்டர் ஃபார் டெவலப்மென்ட் ஸ்டடீஸ் வளாகம் இந்தப் பாடத்தின் பெரிய வகுப்பறை. மரங்களை வெட்டாமல் வளைந்து போகும் சுவர்கள், நடுமுற்றங்கள், கோபுரம்போல உயரும் நூலகம். அதே கையால் செங்கல்சூளைக் குடிசைவாசிகளுக்கும் வீடு கட்டினார். 1985ல் அச்சுத மேனன், பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் ஆகியோரோடு சேர்ந்து அவர் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பு அவர் முறையில் கட்டிக்கொண்டிருக்கிறது. 1990ல் பத்மஸ்ரீ பெற்றார். 2007 ஏப்ரல் 1ல், நாலாஞ்சிறையில் பாறைச் சரிவொன்றில் தானே கட்டிய ‘ஹேம்லட்’ வீட்டில் காலமானார்.

அந்த வீட்டைப் பற்றி ஒரு விஷயம். இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் கதவுகளையும் மரங்களையும் பொறுக்கி வந்து அதில் பொருத்தியிருந்தார். ராஜாவுக்கும் நம்பூதிரிக்கும் செதுக்கிய மரம் ஒரு குவேக்கர் கிறிஸ்தவரின் எளிய வீட்டில் போய் உட்கார்ந்தது. இன்று அந்தச் சந்தை தலைகீழாகிவிட்டது. பழைய கதவும் தூணும் பலகைச் சுவரும் கிடைத்தால் விடுதிக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். கோவளம், குமரகம் பக்கத்து விடுதிகள் சிலவற்றில் முழு வீட்டையே பிரித்து எடுத்து வந்து பூட்டியிருக்கிறார்கள். இடிபட்டு விறகாவதைவிட அது மேல்தான். ஆனால் தோட்டத்து நடுவே தனியாக நின்ற மர வீட்டைப் பிரித்துப் பூட்டலாம். வெட்டுக்கல்லில் தோளோடு தோள் நிற்கும் தெருவை எப்படிப் பிரித்துப் பூட்டுவது?

பாதிப் பாதி

வழி இல்லாமல் இல்லை. புதுச்சேரியில் வைசியாள் வீதி என்ற கால்வே சுப்பராயச் செட்டித் தெருவிலும் இதே வியாதிதான். திண்ணையும் தாழ்வாரமுமாக வரிசையாக நின்ற தமிழ் வீடுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய உதவியோடு நகராட்சியும் இன்டாக் அமைப்பும் அங்கே ஒரு ஏற்பாடு செய்தன. தெருமுகப்பைப் புதுப்பிக்கும் செலவில் பாதி வீட்டுக்காரர், பாதி திட்டம். முகப்பும் திண்ணையும் தெருவுக்குச் சொந்தம் என்றால் அவற்றின் செலவில் தெருவுக்கும் பங்கு உண்டு என்ற எளிய நியாயம். தெரு மீண்டது.

திருவனந்தபுரத்துக் கோட்டைப் பகுதியில் உயரக் கட்டக் கூடாது, முகத்தை மாற்றக் கூடாது என்று சொல்ல விதிகள் இருக்கின்றன. உத்தரத்தை மாற்றக் காசு தர ஆள் இல்லை. “கூடாதுன்னு சொல்ல எத்தனையோ பேர் வரா. பாதி தரேன்னு ஒருத்தர் வந்தா, மீதி நான் போடத் தயார்” என்கிறார் தார்ப்பாய் வீட்டுக்காரர். பொதுச் சுவர் வைத்திருக்கும் இரண்டு வீடும் சேர்ந்து பழுது பார்த்தால் வரிச்சலுகை, இடிப்பதற்கு முன் பக்கத்துச் சுவரைக் காக்கக் கட்டாய ஏற்பாடு, சுண்ணாம்பு வேலை தெரிந்த நாலு பேரிடம் நாற்பது பையன்களுக்குப் பயிற்சி. இவையெல்லாம் பெரிய தொகை கேட்கும் விஷயங்கள் அல்ல.

ஊர் திரும்புகிறவர்கள் நாகர்கோவில் சாலையில் போனால் சுமார் 55 கிலோமீட்டரில் தக்கலை. அங்கே கருங்கல் கோட்டைக்குள் பத்மநாபபுரம் அரண்மனை. கல்லும் மரமும் சேர்ந்து சாதித்தவற்றில் இதற்கு மேல் ஒன்றைத் தென்னாட்டில் காட்டுவது கடினம். தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து இழைத்த தரையில் இன்றும் முகம் தெரிகிறது. அன்னதான மண்டபம், உப்பரிகை, சுவாதி காலத்து நாடகசாலையின் கல்தூண்கள் எல்லாம் நிற்கின்றன.

அது எப்படிப் பிழைத்தது என்பது யோசிக்க வேண்டியது. 1956 நவம்பர் 1ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அரண்மனை இருந்த நிலம் இந்தப் பக்கம் வந்தது. அரண்மனை கேரளத்தின் பொறுப்பிலேயே இருந்தது. இன்றும் தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் அதைக் கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. ஓடு மாற்றுவதும் மரத்துக்கு எண்ணெய் பூசுவதும் அவர்கள். நதி நீரிலும் எல்லையிலும் ஓயாமல் மல்லுக்கு நிற்கும் இரண்டு மாநிலங்கள் ஒரு வீட்டின் விஷயத்தில் மட்டும் அறுபது வருடங்களுக்கு மேலாகச் சண்டையில்லாமல் இருக்கின்றன. இரண்டு சர்க்கார்களுக்குச் சாத்தியமானது இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் ஒரு நகராட்சிக்கும் ஏன் முடியாது?

தார்ப்பாய் கட்டி முடிக்கும்போது மேற்கே வானம் கறுத்திருந்தது. கயிற்றை இன்னொரு சுற்று இழுத்துக் கட்டச் சொன்னார் வீட்டுக்காரர். “இந்த மழைக்குத் தாங்கும் சாமி” என்றார் ஆசாரி. அடுத்த மழையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

*பார்க்கப் போகிறவர்களுக்கு: குதிரைமாளிகைக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்கும் திங்கட்கிழமை விடுமுறை. பத்மநாபசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் வேட்டியில், சட்டையில்லாமல் போக வேண்டும். அக்ரஹாரத் தெருக்களில் மக்கள் குடியிருக்கிறார்கள். திண்ணையில் உட்காருவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் காபியும் கிடைக்கும்.*